பண்டிகைக்குக் கையால் ஒரு பரிசு: தையலும் பின்னலும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

என் ஆயாவின் இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப் பை இருக்கும். வெற்றிலை, பாக்கு, சில்லறை, பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை எல்லாம் அதற்குள். ஒரு தீபாவளிக்கு அவருக்கு ஜிப் வைத்த பர்ஸ் ஒன்று தைத்துக் கொடுத்தேன். லைனிங், உள்ளறை எல்லாம் வைத்து ஒரு வாரம் உட்கார்ந்து தைத்தது. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சந்தோஷப்பட்டார், பெட்டியில் வைத்துவிட்டார். மூட்டுவலி வந்த விரல்களுக்கு அந்தச் சின்ன ஜிப்பின் நுனி பிடிபடவில்லை. இது எனக்குப் பொங்கல் நெருங்கும்போதுதான் தெரிந்தது. பழைய நூல்புடவை ஒன்றைக் கிழித்து ஒரு சுருக்குப் பை தைத்தேன். ஒரு மணி நேர வேலை. கடைசி வரைக்கும் அதுதான் அவர் இடுப்பில் இருந்தது.

அதனால் கையால் பரிசு செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று யாராவது கேட்டால், ஊசியைக் கையில் எடுக்கும் முன் ஒன்றைச் செய்யச் சொல்வேன். யாருக்குக் கொடுக்கப் போகிறீர்களோ அவருடைய ஒரு நாளைக் காலையிலிருந்து இரவு வரை மனதில் ஓட்டிப் பாருங்கள். எத்தனை மணிக்கு எழுகிறார், கையில் எதைத் தூக்கிக்கொண்டு போகிறார், எங்கே குளிர்கிறது, எதைத் தேடித் தேடி எடுக்கிறார். நம் பக்கத்திலேயே பாருங்கள். தம்பி ஓசூர் சிப்காட்டில் காலை ஷிப்ட். விடியும் முன் கம்பெனி பஸ்ஸுக்கு ரோட்டில் நிற்கிறான். மார்கழியில் அவனுக்கு வேண்டியது கழுத்துக்கு மஃப்ளர். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியலில் ரோஜாத் தோட்டத்துக்குப் போகிற சித்திக்குக் காதை மூடும் குல்லா. தினமும் களி கிண்டுகிற அம்மாவுக்குச் சட்டியைப் பிடிக்க நல்ல தடிமனான பிடிதுணி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பென்சில் பை. இப்படி யோசித்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும். கைக்குத் தெரிந்த வேலை குறைவாக இருந்தாலும் பரிசு பெரிதாக இருக்கும்.

நாளை எண்ணித் தொடங்குங்கள்

ஐப்பசியில் தீபாவளி, டிசம்பர் 25இல் கிறிஸ்துமஸ், தை முதல் நாள் பொங்கல். மூன்றுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மாதம்தான். பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

தையல் சாமான்கள் மணிக்கணக்கில் முடியும். முதல் சுருக்குப் பைக்கு இரண்டு மணி நேரம், துணிப்பைக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கை பழகிய பிறகு பாதி நேரம் போதும். பின்னல் அப்படி இல்லை. பெரியவர்களுக்கான ஒரு மஃப்ளர் சாதாரணத் தடிமனுள்ள நூலில் சுமார் 500 வரிசை வரும். புதிதாகப் பின்னுபவர் ஒரு மணி நேரத்தில் 15 வரிசை போட்டாலே நல்ல வேகம். கணக்குப் போட்டால் 33 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். மார்கழிக் குளிருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் ஐப்பசி தொடக்கத்திலேயே முதல் கண்ணியை, அதாவது ஊசியில் ஏற்றும் முதல் நூல் வளையத்தை, போட்டுவிட வேண்டும். புரட்டாசியில் போட்டால் இன்னும் நிம்மதி.

முதல் வருடம் ஐந்து பேருக்கு ஐந்து விதமாகச் செய்ய நினைக்காதீர்கள். ஒரே பொருளை ஐந்து பேருக்குச் செய்யுங்கள். ஐந்து பேருக்கும் சுருக்குப் பை என்றால் மூன்றாவது பையிலேயே கை நேராகிவிடும். நான்காவதும் ஐந்தாவதும் கடைப் பொருள் போல வரும். அந்த இரண்டையும் யாருக்குக் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

தையல் கடைக்காரர்கள் தீபாவளி நெருங்கினால் தலை நிமிரமாட்டார்கள். கடைத்தெருவிலும் நிற்க இடம் இருக்காது. காஜா (பட்டன் துளை) எடுக்கவோ ஓவர்லாக் (ஓரம் பிசிறாமல் இருக்கப் போடும் தையல்) போடவோ டெய்லரிடம் போக வேண்டும் என்றால் ஆவணியிலேயே போய்விடுங்கள்.

துணி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்குப் பர்கூர் இருக்கிறது. வரிசையாகத் துணிக்கடைகள் உள்ள ஊர். தருமபுரியிலிருந்தும் போய் வரலாம். ஆனால் முதல் பொருளுக்குத் துணி வாங்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். வீட்டில் இருக்கும் பழைய நூல்புடவை, கிழிந்த வேட்டியின் நல்ல பகுதி, அப்பாவின் கட்டம் போட்ட சட்டை போதும். பலமுறை துவைத்த துணி இனிச் சுருங்காது, சாயமும் போகாது, ஊசிக்கு இதமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, யாருடைய புடவை என்று கேட்டுத் தடவிப் பார்ப்பார்கள்.

புதுத்துணி வாங்கினால் பருத்தியாக வாங்குங்கள். சுருக்குப் பை, பென்சில் பை மாதிரி சின்னச் சாமான்களுக்குப் பாப்ளின், தூக்குப் பைக்குக் காடாத் துணி அல்லது மெல்லிய கேன்வாஸ். கடையில் பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 36 இஞ்ச் பன்னாவும் 44 இஞ்ச் பன்னாவும் வெட்டும் கணக்கை அடியோடு மாற்றிவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். துவைக்காத பருத்தித் துணி மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. வரை சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் தையல் ஓரமெல்லாம் சுருண்டு இழுக்கும். சாயமும் பார்க்க வேண்டும். ஒரு வருடம் அடர்சிவப்புத் துணியும் வெள்ளைத் துணியும் சேர்த்து ஒரு குழந்தைப் போர்வை தைத்தேன். சாயம் போகாது என்று கடையில் சொன்னதை நம்பித் துவைக்காமலேயே வெட்டினேன். முதல் துவைப்பிலேயே வெள்ளை முழுவதும் ரோஸ் நிறமானது. அதற்குப் பிறகு எந்தத் துணியாக இருந்தாலும் ஒரு மூலையை வெந்நீரில் நனைத்து, வெள்ளைக் கைக்குட்டைக்குள் வைத்து அழுத்திப் பார்த்துவிடுவேன். கைக்குட்டையில் நிறம் ஒட்டினால் அந்தத் துணியை வெள்ளையோடு சேர்க்க மாட்டேன்.

பட்டு பற்றி ஒரு வார்த்தை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் பட்டுக்கூடு விளைகிற மாவட்டங்கள். ஆகவே பழைய பட்டுப்புடவையில் எதையாவது செய்ய ஆசை வருவது இயல்புதான். பழம்பட்டு மடிப்பு விழுந்த இடத்தில் இற்றுப் போயிருக்கும். விரலால் லேசாக இழுத்துப் பார்த்து, விரிசல் விடாத பகுதியை மட்டும் எடுத்து, பின்னால் பருத்தி லைனிங் வைத்துத் தைத்தால் நிற்கும்.

துணியில் நீளவாட்டில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பை, பிடி எல்லாம் பாவு நூலுக்கு நேராக, அதாவது துணியின் கரைக்கு இணையாக வெட்டுங்கள். கோணலாக வெட்டிய பிடி, கனம் ஏற ஏற இழுத்து நீண்டுகொண்டே போகும்.

மெஷின் இருந்தாலும் இல்லாவிட்டாலும்

மெஷின் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். கையால் பின்தையல் போட்டால் மெஷின் தையலுக்கு ஈடாக நிற்கும். ஊசியை ஒரு தையல் அளவு முன்னால் எடுத்து, முந்தைய தையல் முடிந்த இடத்துக்கே பின்னால் வந்து குத்தி, மறுபடி ஒரு தையல் அளவு முன்னால் எடுப்பதுதான் பின்தையல். வெறும் ஓட்டுத்தையல் கனம் தாங்காது. அதைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

மெஷின் உள்ள பல வீடுகளில் அது துணி மூடிய மேஜையாக நிற்கிறது. எண்ணெய் விட்டு, கழிவுத்துணியில் பத்து நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பரிசுத் துணியில் எண்ணெய்க் கறை விழும். ஊசி புதிதாகப் போடுங்கள். பாப்ளினுக்கு 14ஆம் நம்பர், கேன்வாஸ், ஜீன்ஸ் துணிக்கு 16. தையல் கீழ்ப்பக்கம் வளையம் வளையமாக வந்தால் எல்லோரும் கீழ்நூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் மேல் நூல் சரியாகக் கோக்கப்படவில்லை என்பதே காரணம். அழுத்துக்காலைத் தூக்கிவிட்டு, மேல் நூலை எடுத்து மறுபடி முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். கால் இறங்கியிருக்கும்போது கோத்தால் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே போய் உட்காராது.

தொடங்கும்போது மேல்நூல், கீழ்நூல் இரண்டின் நுனியையும் விரலால் பிடித்துக்கொண்டு நாலு தையல் போடுங்கள். நூல் உள்ளே போய்ச் சிக்காது. ஒவ்வொரு தையலுக்கும் பிறகு இஸ்திரி போடுங்கள். வீட்டில் தைத்ததற்கும் கடையில் தைத்ததற்கும் உள்ள வேறுபாடு முக்கால்வாசி இஸ்திரியில்தான் இருக்கிறது.

முதல் பொருள்: சுருக்குப் பை

8 இஞ்ச் அகலம், 10 இஞ்ச் உயரத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். பிசிறு வராமல் நாலு ஓரமும் ஜிக்ஜாக் அல்லது கைத்தையல் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல பக்கம் இரண்டும் உள்ளே ஒன்றை ஒன்று பார்க்கும்படி அடுக்குங்கள். இரண்டு பக்க ஓரங்களிலும் மேலிருந்து 3 இஞ்ச் தள்ளி பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து கீழே இறங்கி, அடிப்பக்கம் சுற்றி, மறுபக்கப் புள்ளி வரை அரை இஞ்ச் உள்ளே தையல். மேலே அந்த 3 இஞ்ச் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னுமாக மூன்று தையல் போட்டு இறுக்குங்கள். பை விரிந்து சுருங்கும்போது முதலில் பிரிவது அந்த இடம்தான்.

தைத்த மடிப்பை விரித்து இஸ்திரி போடுங்கள். திறந்த 3 இஞ்ச் பகுதியிலும் அதே அரை இஞ்ச் மடிப்பைத் தொடர்ந்து உள்ளே மடித்து ஒரு தையல் ஓட்டுங்கள். இப்போது மேல் ஓரத்தை முதலில் அரை இஞ்ச், பிறகு ஒரு இஞ்ச் உள்பக்கமாக மடித்து, மடிப்பின் கீழ் விளிம்பையொட்டித் தைத்தால் சரடு ஓட ஒரு குழல் கிடைக்கும். முன்துண்டுக்கு ஒன்று, பின்துண்டுக்கு ஒன்று. பையைத் திருப்பி, மூலைகளைப் பென்சில் முனையால் மெதுவாகத் தள்ளுங்கள்.

சரடு இரண்டு வேண்டும், ஒவ்வொன்றும் 20 இஞ்ச். ஒன்றை இடப்பக்கத்தில் நுழைத்து, முன் குழல், பின் குழல் இரண்டையும் சுற்றி மறுபடி இடப்பக்கமே வெளியே எடுத்து முடிச்சுப் போடுங்கள். இன்னொன்றை வலப்பக்கத்திலிருந்து அதேபோல. இரண்டு முடிச்சையும் எதிரெதிராக இழுத்தால் வாய் மூடும். சரட்டின் நுனியில் ஊக்கு மாட்டிக் கோத்தால் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். நைலான் கயிறு வேண்டாம், முடிச்சு அவிழும். பருத்தி நாடாவோ, மிச்சத் துணியில் மெல்லியதாக மடித்துத் தைத்த சரடோ நல்லது. வயதானவர்களுக்கு என்றால் முடிச்சைப் பெரிதாகப் போடுங்கள், விரலுக்குப் பிடி கிடைக்கும்.

ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை உள்ளே போட்டுக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். வெறும் பையைக் கொடுக்கக் கூடாது என்று ஆயா சொல்வார்.

மஞ்சப்பை

பலகாரம் கொடுத்தனுப்ப ஒரு பை எல்லா வீட்டுக்கும் வேண்டும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் சாமான்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. முறுக்கு, அதிரசத்தைத் துணிப்பையில் வைத்துக் கொடுத்தால் பலகாரம் தீர்ந்த பிறகும் பை அந்த வீட்டில் வருடக்கணக்கில் உழைக்கும்.

44 இஞ்ச் பன்னாவில் ஒன்றேகால் மீட்டர் வாங்கினால் இரண்டு பை வரும். ஒரு பைக்கு 16 இஞ்ச் அகலம், 36 இஞ்ச் நீளத்தில் ஒரே துண்டு. அதை நடுவில் மடித்தால் அடிப்பக்கத்தில் தையலே கிடையாது, கனம் தாங்கும். பிடிக்கு 4 இஞ்ச் அகலம், 20 இஞ்ச் நீளத்தில் இரண்டு துண்டு. பிடித்துண்டை நீளவாட்டில் பாதியாக மடித்து இஸ்திரி போட்டு, விரித்து, இரண்டு ஓரத்தையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி மடியுங்கள். ஒரு இஞ்ச் அகலத்தில் நாலு மடிப்புப் பட்டை கிடைக்கும். இரண்டு விளிம்பிலும் தையல் ஓட்டுங்கள்.

பக்க ஓரங்களுக்கு இரட்டைத் தையல் போடுங்கள். முதலில் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி மடித்துக் கால் இஞ்சில் ஒரு தையல். பிசிறுகளை ஒட்ட நறுக்கி, பையை உள்புறமாகத் திருப்பி, அந்த ஓரம் உள்ளே அடங்கும்படி இன்னொரு தையல். ஓவர்லாக் தேவையில்லை, உள்ளே ஒரு நூல்கூடத் தெரியாது. வாய்ப்பகுதியை அரை இஞ்சும் ஒரு இஞ்சுமாக மடித்துத் தைத்து, பக்க ஓரத்திலிருந்து 4 இஞ்ச் தள்ளிப் பிடியை வையுங்கள். பிடி உட்காரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போல இரண்டு தையல். இரண்டு கிலோ அரிசி போட்டுத் தூக்கிப் பார்த்த பிறகுதான் நான் பரிசென்று கொடுப்பேன்.

களிச் சட்டிக்குப் பிடிதுணி

இது சின்ன வேலை. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் தவறவே கூடாது. உள்ளும் புறமும் எல்லாம் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர், அக்ரிலிக் இரண்டும் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவி, கிடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். உருகி மணி போலக் கட்டினால் அந்தத் துணி அடுப்படிக்கு ஆகாது.

8 இஞ்ச் சதுரத்தில் வெளித்துணி இரண்டு, நடுவே வைக்கப் பழைய பருத்தித் துண்டு மூன்று அடுக்கு. வெளித்துணிகளின் நல்ல பக்கங்களை உள்ளே வைத்து, மேலே மூன்று அடுக்குத் துண்டையும் போட்டு, ஒரு ஓரத்தில் 3 இஞ்ச் விட்டுவிட்டுச் சுற்றிலும் தைத்துத் திருப்புங்கள். திறந்த இடத்தை மடித்து மூடித் தைத்து, மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு தையல் ஓட்டினால் உள்ளே அடுக்கு நகராது. ஒரு மூலையில் ஆணியில் மாட்ட ஒரு வளையம். களி கிண்டும்போது சட்டியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், அதனால் ஜோடியாகக் கொடுங்கள். ஈரமாக இருக்கும்போது பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லிக் கொடுங்கள். ஈரத்துணியில் சூடு உடனே கைக்கு ஏறும்.

பின்னல்: மஃப்ளர்

ஒயர் கூடை பின்னியிருக்கிறீர்களா? நெல்லிக்காய் முடிச்சு போட்ட கைக்குப் பின்னல் ஊசி அந்நியமே இல்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் பொறுமையும், இழுவை ஒரே அளவாக வைக்கும் பழக்கமும் ஏற்கெனவே விரலில் இருக்கிறது.

பின்னல் ஊசியின் நம்பரில் புதியவர்கள் குழம்புவார்கள். நம் கடைகளில் கிடைக்கும் பழைய நம்பர் முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 6ஆம் நம்பர் 5 மி.மீ., 8ஆம் நம்பர் 4 மி.மீ., 10ஆம் நம்பர் 3¼ மி.மீ. முதல் மஃப்ளருக்கு 6ஆம் நம்பர் ஊசி ஒரு ஜோடி, நடுத்தரத் தடிமனுள்ள நூல் 200 கிராம். வெளிர் நிறமாக வாங்குங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி எங்கே இருக்கிறது என்று ராத்திரி விளக்கில் தெரியாது. எல்லா நூல்கண்டின் உறையிலும் லாட் நம்பர் ஒன்றா என்று பார்த்து, மொத்தமாக ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். வேறு லாட் என்றால் அதே நிறத்திலும் சாயம் ஒரு இழை மாறியிருக்கும். கடையில் தெரியாது, மஃப்ளரின் நடுவில் பளிச்சென்று தெரியும்.

ஊசியில் 36 கண்ணி போடுங்கள். அகலம் ஏறக்குறைய 8 இஞ்ச் வரும். முதல் கண்ணி போடும் அசைவையும் கடைசியில் கண்ணிகளை மூடும் அசைவையும் படித்துத் தெரிந்துகொள்வது கடினம். பின்னத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள், அல்லது வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு மஃப்ளர் முழுவதும் ஒரே பின்னல்தான். இடது கை ஊசியின் கண்ணிக்குள் வலது கை ஊசியை முன்னிருந்து பின்னாக நுழைத்து, நூலை ஊசி மேல் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றை கண்ணி வழியாக இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றி மறுபடி அதே. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடு மேடாக வரும், ஓரம் சுருளாது. ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியையும் பின்னாமல் வலது ஊசிக்கு அப்படியே மாற்றினால் விளிம்பு சங்கிலி போல அழகாக நிற்கும்.

பத்து வரிசைக்கு ஒருமுறை கண்ணியை எண்ணுங்கள். 37 இருந்தால் எங்கோ நூல் தவறி ஊசி மேல் ஏறியிருக்கிறது. 35 என்றால் ஒரு கண்ணி விழுந்திருக்கிறது. விழுந்த கண்ணியைக் கண்டதும் அதில் ஒரு ஊக்கைக் குத்தி நிறுத்திவிடுங்கள், மேற்கொண்டு இறங்காது. பிறகு நுனியில் கொக்கியுள்ள குரோஷா ஊசியால் படிப்படியாக மேலே ஏற்றிக்கொண்டு வரலாம். பிரித்துப் பின்னுவதில் தவறே இல்லை. நூல் வீணாகாது.

நூல் தீர்ந்தால் வரிசையின் ஓரத்தில்தான் புது நூலைச் சேர்க்க வேண்டும், நடுவில் முடிச்சு வந்தால் கழுத்தில் உறுத்தும். 55 இஞ்ச் வந்ததும் கண்ணிகளைத் தளர்வாக மூடுங்கள். நுனி நூல்களை மொட்டை ஊசியால் பின்னலுக்குள் நாலு விரல் அளவு ஓட்டி மறையுங்கள்.

குல்லா வேண்டுமானால் மஃப்ளர் தெரிந்தவர்களுக்கு அதுவும் தெரியும். 40 கண்ணி போட்டு, அதே பின்னலில் 18 இஞ்ச் நீளம் வரும் வரை போய் மூடுங்கள். இரண்டு நுனியையும் சேர்த்துத் தைத்தால் ஒரு குழாய் கிடைக்கும். ஒரு பக்க விளிம்பு முழுவதும் நூல் கோத்து இறுக்கிச் சுருக்கினால் உச்சி மூடிவிடும். பெரியவர்களின் தலைச்சுற்று 21, 22 இஞ்ச் இருக்கும், பின்னல் இழுத்துக்கொடுக்கும் என்பதால் 18 போதும். மேலே சின்னக் குஞ்சம் வைத்தால் குழந்தைகள் கழற்றவே மாட்டார்கள்.

அக்ரிலிக் நூலில் பின்னியதை இஸ்திரிப் பெட்டிக்குக் காட்டாதீர்கள், பளபளவென்று படிந்து செத்துப்போகும். தீபாவளியன்று பட்டாசு வெடிக்கும் இடத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போகவும் கூடாது. கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

கைக்குழந்தைக்கு என்றால்

இங்கே அழகைவிடப் பாதுகாப்பு முக்கியம். மணி, பட்டன், கண்ணாடி, ரிப்பன் எதுவும் வேண்டாம், எல்லாம் வாய்க்குப் போகும். கழுத்தில் கட்டும் கயிறு கூடவே கூடாது. கம்பளி நூல் மெல்லிய தோலை அரிக்கும். பருத்தி நூலோ குழந்தைகளுக்கென்றே விற்கும் மிருதுவான நூலோ எடுத்து, உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். பிறந்த குழந்தையின் தலைச்சுற்று 14 இஞ்ச் அளவில் இருக்கும், ஒரு வயதில் 18 இஞ்சுக்கு வந்துவிடும். அதனால் பிறந்த அளவுக்குப் பின்னாமல் ஆறு மாதத்துக்கு ஆகும் அளவில் செய்யுங்கள். குல்லா வெளியே தூக்கிப் போகும்போது மட்டும், தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். தலையணை தைக்க ஆசைப்படாதீர்கள், ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தலையணையே வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். பழைய வேட்டியை இரண்டாக மடித்து ஓரம் தைத்த துணி ஆறேழு கொடுங்கள். அந்த அம்மா தினமும் உங்களை நினைப்பார்.

கொஞ்சம் பூவேலை

பையும் குல்லாவும் கை பழகிய பிறகு ஓரத்தில் ஏதாவது வேலைப்பாடு செய்யத் தோன்றும். அரூர் பக்கம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் செய்யும் ஊசிவேலையை ஒருமுறை நேரில் பாருங்கள். ஏறக்குறைய மறந்துபோயிருந்த அந்தக் கலையை, அங்கே பழங்குடி நல மருத்துவப் பணி செய்துவரும் டாக்டர் லலிதா ரெஜியின் முயற்சியோடு அந்தப் பெண்களே மீட்டெடுத்தார்கள். ‘போர்கை’ என்ற பெயரில் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று பொருள். நூலை எண்ணி எண்ணிப் போடும் அந்த நுணுக்கம் ஒரு பண்டிகைக்குள் வந்துவிடாது. அப்படிப்பட்ட வேலைப்பாடு உள்ள பரிசுதான் வேண்டும் என்றால் அவர்களிடமே வாங்கிக் கொடுங்கள், உழைப்புக்கு மரியாதை. உங்கள் கையால் என்றால் சங்கிலித் தையலில் பெயரின் முதல் எழுத்து, காம்புத் தையலில் ஒரு மாங்காய். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்.

கொடுக்கும் முன்

ஒரு நாள் முன்னதாகவே எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தொங்கும் நூல் நுனிகளை நறுக்குங்கள், பென்சில் கோடுகளைத் துவைத்து எடுங்கள், ஊசி, குண்டூசி எதுவும் உள்ளே மாட்டியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். குண்டூசிகளை எண்ணி எடுத்து எண்ணித் திருப்பி வைக்கும் பழக்கம் முதல் நாளிலேயே வரட்டும்.

மஃப்ளர் முடியவில்லை என்றால் ராத்திரி கண் விழித்துப் பின்ன வேண்டாம், அந்தக் கடைசி அரை முழம் கோணலாகத்தான் வரும். தீபாவளிக்கு முடியாதது கிறிஸ்துமஸுக்கு, அப்போதும் முடியாதது பொங்கலுக்கு. தையிலும் விடியலில் தளியில் குளிர் இருக்கும்.

ஒரு சின்ன அட்டையில் துவைக்கும் முறையை உங்கள் கையெழுத்தில் எழுதி வையுங்கள். பின்னல் சாமானுக்கு: குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் சோப்பு, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தொங்கவிடாமல் நிழலில் பரப்பிக் காயவைக்கவும். அதே அட்டையின் ஓரத்தில் வெட்டுப் போட்டு, மிச்ச நூலில் இரண்டு முழம் சுற்றிவிடுங்கள். எங்காவது தையல் விட்டால் அதே நிறத்தில் நூல் தேடி அவர் கடை கடையாக அலைய வேண்டாம்.